சாம்பிளும் சம்பலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது இது. பாரிஸில் அன்று வெயில் கொளுத்தியது. நான் விமான நிலையத்திலிருந்து மடியில் ஒரு தெர்மகோல் பெட்டியோடு ஆர்.இ.ஆர். ரயிலில் வந்துகொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மலை ஓடைகளில் சலமாண்டர் என்று ஒரு பிராணி உண்டு. பார்க்கப் பல்லி ஜாடை, ஆனால் தவளைக்குச் சொந்தக்காரன். அதில் ஒரு ராட்சத வகை ஒரு முழத்துக்கு மேல் வளரும். தட்டையான தலை, சுருங்கித் தொங்கும் தோல். அந்தத் தோலாலேயே மூச்சு விடும். குளிர்ந்த, சுத்தமான, வேகமாக ஓடும் தண்ணீரில் பெரிய கல்லுக்கு அடியில்தான் குடியிருக்கும். கரையில் மரங்களை வெட்டினால் மண் சரிந்து கல்லடியை அடைத்துவிடும். பிறகு அதற்கு வீடு ஏது? ஓடை ஓடையாகக் குறைந்துகொண்டே வருகிறது.

ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் தேடினால், மிச்சமிருக்கும் வீட்டையும் நாமே கெடுத்துவிடுவோம். அதனால் தண்ணீரை எடுத்து மெல்லிய வடிதாளில் வடிகட்டுவார்கள். அந்தப் பிராணி அங்கே இருந்தால் அதன் தோலிலிருந்து உதிர்ந்தது கொஞ்சமாவது தாளில் ஒட்டியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஊரில் அம்மாவிடம் கேட்டால், "என் பொண்ணு பாரிஸ்ல தண்ணி டெஸ்ட் பண்றா" என்பார். அதுவும் சரிதான்.

அன்று பெட்டியில் இருந்தவை ஒரே ஓடையின் பன்னிரண்டு வடிதாள்கள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு குழாயில், சுற்றிலும் ஐஸ். அந்த ஓடையில் பல வருடங்களாக யாரும் அந்தப் பிராணியைக் கண்ணால் பார்த்ததில்லை. இருக்கிறது என்று நாங்கள் காட்டினால், கரையில் மரம் நட்டுப் பாதுகாக்கும் ஓடைகளின் பட்டியலில் அதுவும் சேரும். இல்லையென்றால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றை வடிகட்டிய அமெரிக்கப் பெண், வேறு ஊருக்கு விமானம் மாறும் இடைவெளியில் பெட்டியை என் கையில் கொடுத்தார். அந்த முறை பதப்படுத்தும் திரவம் கிடைக்காமல் வெறுமனே உறைய வைத்திருந்தார். "உருக விட்டுவிடாதே" என்று மட்டும் சொன்னார்.

கார் து நோர் நிலையத்தில் ரயில் நின்றது. யாரோ விட்டுச்சென்ற பை ஒன்றால் நிலையத்தையே காலி செய்தார்கள். தள்ளுமுள்ளில் யாருடைய சூட்கேஸோ இடித்து என் பெட்டியின் மூடி உடைந்தது. வெளியே வந்தால் டாக்ஸி இல்லை, பேருந்துகளில் நிற்க இடமில்லை. ஆய்வுக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஒரு மணி நேரம். பெட்டியின் ஓரத்தில் ஏற்கெனவே தண்ணீர் கசிந்தது.

பக்கத்திலேயே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதி. அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் இயந்திரத்தில் அறக்குளா மீனை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

"அண்ணா, இதுல சாம்பிள் இருக்கு. உங்க ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வைக்கலாமா?"

"சம்பலோ? அதுக்கென்ன, வையுங்கோ. ஆக்களுக்குக் கொண்டுபோறீங்களோ?"

"ஆமாண்ணா, எங்க டீமுக்கு."

எங்கள் பேச்சு எவ்வளவு அழகாகப் பொருந்தியது பாருங்கள். அவர் சாம்பிள் என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது. அவரே கதவைத் திறந்து, உறைந்த இறால் பொட்டலங்களுக்கு நடுவே பெட்டியை வைத்தார். அப்பாடா என்று இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு நடந்துபோய், ட்ரை ஐஸும் நல்ல பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. கடையில் அவர் இல்லை, அவருடைய மனைவி இருந்தார். ஃப்ரீசரைத் திறந்தேன். இறால் இருந்தது, பெட்டி இல்லை.

"அக்கா, இங்க ஒரு வெள்ளைப் பெட்டி..."

"ஓம் தங்கச்சி, இவர் வீட்டை போகேக்கை சொல்லிப்போட்டுத்தான் போனவர். இஞ்சை, பத்திரமா இருக்கு."

அவர் காட்டியது குளிர்பானங்கள் வைக்கும் கண்ணாடி அலமாரியை. அந்த வெயிலில் நிமிடத்துக்கு ஒருவர் திறந்து மூடும் அலமாரி. கீழ்த்தட்டில் சோடாப் போத்தல்களுக்கு அருகில் என் பெட்டி. தூக்கிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் தளும்பியது. குழாய்களை எடுத்தேன். பன்னிரண்டும் உருகியிருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும். அன்றும் அதுதான் நடந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் ஐந்தாறு பேர் நிற்கும்போதே, "படிக்காதவங்ககிட்ட கொடுத்துட்டுப் போனேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்" என்றேன்.

அந்த அக்கா கல்லாவை மூடிவிட்டு என் பக்கம் வந்தார்.

"சம்பலை ஐஸாக்கினால் தேங்காய்ப்பூ கெட்டுப்போகும் தங்கச்சி. அதுதான் எடுத்து இஞ்சாலை வைச்சனான். பிறத்தியாற்ரை சாப்பாடெண்டு திறந்துகூடப் பாக்கேல்லை."

"சம்பலா? தேங்காய்த் துவையலா? சாம்பிள்க்கா, சாம்பிள். டெஸ்ட் பண்றதுக்கு எடுத்த தண்ணி."

அவர் யோசித்தார். "எஷான்தியோனோ?" என்று சாம்பிளுக்கான பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லிக் கேட்டார். தலையாட்டினேன்.

"அப்ப அப்பிடிச் சொல்லியிருக்கலாமே. நான் காலமையிலை ஒரு லபோவிலை, உங்கடை மாதிரி ஆய்வுக்கூடத்திலைதான், துப்புரவு வேலை செய்யிறன். எஷான்தியோன் எண்டால் ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு எனக்கு நல்லாத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாதிரி எண்டு தமிழிலை சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்கும்" என்றார்.

மாதிரி. பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்திலேயே இருந்த சொல். தமிழில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னது நான். பன்னிரண்டு குழாய்களைவிட, அவரைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தைதான் அப்போது என்னைச் சுட்டது.

அவர் பதிலுக்குக் கோபிக்கவில்லை. மீன் பரப்பியிருந்த தட்டிலிருந்து ஐஸை அள்ளி, சுத்தமான பைகளில் கட்டி, என் புதுப் பெட்டியில் அடுக்க உதவினார். நடுவில், "இதுக்குள்ளை அப்பிடி என்ன இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கல்லுக்கு அடியில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் மாதக்கணக்கில் காவல் இருக்கும் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பாவம் அந்தத் தேப்பன்" என்றார். தகப்பனை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மாலையே அமெரிக்கப் பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். 'கடை ஊழியர் தவறுதலாக எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டார்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனாலும் மொத்தமும் பொய். அழித்துவிட்டு, 'பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் புரியும்படி சொல்லவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

சோதித்துப் பார்த்தோம். எந்தத் தாளிலும் ஒன்றும் தெரியவில்லை. பிராணி இல்லாததாலா, உருகியதில் கெட்டுப்போனதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டியலில் அந்த ஓடை சேரவில்லை. 'அடுத்த கோடையில் மறுபடி இறங்குகிறேன்' என்று அவர் ஒரு வரியில் பதில் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அது நடந்த மறுநாளே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர், "எனக்குக் காது மந்தம் தங்கச்சி, விடுங்கோ" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அக்கா அப்படி விடவில்லை. "பெட்டியைப் பற்றி நீங்கள் கோவிச்சது சரி. படிக்காதவை எண்டதுதான் மனசிலை நிக்குது" என்றார். நிற்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் அங்கேதான் மீன் வாங்கினேன். முதல் சில வாரங்கள் அவர் என்னிடம் விலையை மட்டும் சொன்னார். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

அடுத்த கோடையில் அதே ஓடையிலிருந்து மீண்டும் பன்னிரண்டு தாள்கள் வந்தன. இந்த முறை திரவத்தில் பதப்படுத்தி, கூரியரில், நேராக ஆய்வுக்கூடத்துக்கு. அவற்றில் மூன்றில் அந்தப் பிராணி இருப்பதற்கான தடயம் கிடைத்தது. சோதனைக் கருவியின் திரையில் அந்தத் தடயத்தைக் காட்டும் கோடு எழும்புவதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். முதலில் அமெரிக்காவுக்கு எழுதினேன். அடுத்து ரூ பெர்தொனேக்குப் போனேன்.

அக்கா கணவருக்கு நேரே திரும்பி, மீன் வெட்டும் இரைச்சலுக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "இஞ்சை கேளுங்கோ, அந்தத் தேப்பன் உயிரோடை இருக்கிறாராம்."

இப்போது அந்த ஓடை பட்டியலில் இருக்கிறது, கரையில் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். என் பெட்டிகள் எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்கு மேலே 'மாதிரி' என்று தமிழில் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எழுதுவதும் எனக்காகத்தான். அந்தக் கல்லடியில் ஒரு வருடம் கூடுதலாக மண் சேர்ந்ததே, அது யாருடைய படிப்புக் குறைவாலும் அல்ல, என் வாயிலேயே இருந்த ஒரு சொல்லை நான் எடுத்துக் கொடுக்காததால்தான்.