பை எதிர்வீட்டுக்குப் போயாச்சு

என் வீட்டுக்காரியை நீங்க பாத்திருப்பீங்க. சீசனுக்குக் குத்தாலம் வந்திருந்தா கட்டாயம் பாத்திருப்பீங்க. மெயின் அருவியில பொம்பளைங்க குளிக்கிற பக்கம், காக்கிச் சட்டையும் வாயில விசிலுமா, "போதும்மா, தலை நனஞ்சுட்டுல்லா, வெளிய வா, அடுத்தவங்களுக்கு வழி விடு"ன்னு கத்திக்கிட்டே நிப்பாள்லா, அவதான். பாத்திருப்பீங்க, ஆனா பிடிச்சிருக்காது. கல்யாணமான புதுசுல எனக்கே கொஞ்சம் பயம்தான்.

பேரு உமாராணி. வடகரையில பொறந்தவ. அப்பா போலீசு, அண்ணன்மார் ரெண்டு பேரும் பட்டாளம். இவ ஏட்டு, சேந்து பதினெட்டு வருசம் ஆச்சு. நான் பாண்டிராஜ். தென்காசியில பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை வச்சிருக்கேன். எங்க வீட்ல சட்டம் ஒழுங்கு அவ கையில, ஊசி நூல் என் கையில. பிரச்சினையில்லாம ஓடுது.

அவ வேலையில கொடுமையான நாள் எதுன்னா, தண்ணி கூடி, பாதுகாப்புக்குக் கட்டின ஆர்ச்சைத் தாண்டி விழுத நாள்தான். அன்னைக்கு யாரையும் குளிக்க விடக் கூடாது. குறுக்க சங்கிலியைப் போட்டுட்டு இவ நிக்கணும். "மேடம், முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம்"பாங்க. "புள்ள அழுவுது, ஒரே ஒரு நிமிசம்"பாங்க. இவ எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லுவா. "தண்ணி எங்கிட்ட கேட்டுட்டா வருது?" அவங்க திட்டிட்டுப் போவாங்க. வீட்டுக்கு வந்து கால்ல தைலம் தேச்சுக்கிட்டே, யார் யார் என்னென்ன சொன்னாங்கன்னு அப்படியே நடிச்சுக் காட்டுவா. எங்க மக நிவேதா விழுந்து விழுந்து சிரிப்பா.

ஒரு நாள் அப்படி நடிச்சு முடிச்சுட்டு, "ஒரே ஒரு இடத்துலயாவது நான் டிக்கெட் எடுத்து வரிசையில நிக்கணும்ங்க. 'வரிசையில வாங்கம்மா'ன்னு யாராவது என்னயச் சொல்லணும்"ன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

எந்த இடம்ங்கதையும் அவளே முடிவு பண்ணி வச்சிருந்தா. பல் டாக்டர்ட்ட காத்துக் கெடந்தப்ப அங்க ஒரு வரையாட்டுப் படத்தைப் பாத்திருக்கா. பாறை மேல நின்னு, நீ யாருலேன்னு கேக்க மாதிரி பாக்குதாம். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுல அது ரோட்டோரத்துலயே மேயும்னு யாரோ சொல்லியிருக்காங்க. "நம்ம தமிழ்நாட்டு மிருகத்தைப் பாக்க கேரளாவுக்குப் போணுமாட்டி?"ன்னு கேட்டேன். "அது அங்க டெபுடேசன்ல போயிருக்கு"ன்னா.

மூணு தடவை கிளம்பினோம். ஒரு தடவை தேர்தல் வந்துச்சு. ஒரு தடவை மந்திரி வந்தாரு. ஒரு தடவை கார்ல ஏறி உக்காந்தாச்சு, ஸ்டேசன்ல இருந்து போன் வந்துச்சு. இறங்கி யூனிபார்ம் மாத்திட்டுப் போனா. அன்னைக்கு நானும் நிவேதாவும் கட்டுச்சோத்தை வீட்ல வச்சே தின்னோம்.

இந்த வருசம் நான் யோசிச்சேன். பிப்ரவரியில ஐயப்ப சீசனும் முடிஞ்சிரும், அருவியில பாறை காஞ்சு கெடக்கும், குத்தாலத்துல கடைக்காரனே தூங்குவான். அப்ப லீவு கேட்டா யாரு மறுப்பா? கேட்டா, கெடச்சுட்டு! புதன்ல இருந்து சனி வரைக்கும் நாலு நாள். அந்த லீவு சீட்டைச் சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டா, சத்தியமா.

அப்புறம் வீட்ல ஒரே பிளான்தான். நிவேதா போன்ல வழியைப் போட்டா. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி, போடி, மேல ஏறினா மூணாறு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிறுத்திப் பால்கோவா வாங்குவோம்னேன். "வேண்டாம், அங்க தேர் பந்தோபஸ்துக்கு ரெண்டு நாள் நின்னிருக்கேன், அந்த ஊரைப் பாத்தாலே கால் வலிக்கும்"ன்னா. ராஜபாளையத்துல காலைச் சாப்பாடுன்னு சொன்னா, அங்க எலெக்சன் டூட்டி பாத்திருக்காளாம். அவ டூட்டி பாக்காத ஊராப் பாத்துப் பாத்து நிறுத்துததுன்னா, நேரா தேனியிலதான் காப்பி குடிக்க முடியும்.

"அப்பா, பூங்காவுக்கு டிக்கெட்டை ஆன்லைன்ல இப்பவே எடுத்துருவோமா?"ன்னு நிவேதா கேட்டா. "ஏட்டி, ஆப் சீசன்ல எவன் வரப்போறான்? நாம போனா வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுவான்"ன்னேன். இந்த வாய் இருக்கே, இந்த வாய்.

புதன்கிழமை வடக்க சூலம், அந்தத் திசையில பயணம் ஆகாது. மூணாறு எங்களுக்கு வடக்க. அதுக்கு எங்க பக்கத்துல ஒரு வழி உண்டு. முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல பையை வெளிய கொண்டுபோய் வேற வீட்ல வச்சிட்டா, பயணம் அப்பவே தொடங்கிட்டதாக் கணக்கு. பரஸ்தானம்பாங்க. போலீஸ்காரியா இருந்தாலும் இதுல அவ ரொம்ப கறார். திங்கக்கிழமை ராகுகாலம் கழிய, ஒன்பதரைக்குப் பையைத் தூக்கிட்டுப் போய் எதிர்வீட்டுப் பேச்சித்தாய் அக்கா கட்டிலுக்கடியில வச்சிட்டு வந்தா. புதுச் சுடிதார், ஸ்வெட்டர், பைனாகுலர் எல்லாம் அதுக்குள்ளதான்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் நிவேதா என் கடைக்கே வந்துட்டா. மூஞ்சியே சரியில்ல.

"அப்பா, அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. பூங்கா பூட்டிருக்கு. வரையாடு குட்டி போடுத நேரமாம். ரெண்டு மாசம் யாரையும் உள்ள விட மாட்டாங்களாம். ஏப்ரல்லதான் திறப்பாங்க."

நான் கத்திரியைக் கீழ வச்சுட்டேன். அருவி காஞ்சா ஊருலகமே சும்மா கெடக்கும்னு நெனச்ச குத்தாலத்துப் புத்தி எனக்கு. ஆட்டுக்கும் ஒரு சீசன் உண்டுன்னு எவன் கண்டான்?

வீட்டுக்குப் போய் ஒரு வழியாச் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. அதுதான் பயமா இருந்துச்சு. நாற்காலியில உக்காந்தா, கண்ணு நெறஞ்சுட்டு. "ஏப்ரல்ல எனக்கு எவன் லீவு தருவான்?"ன்னா. என்னய நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

"விடு உமா, இன்னொரு தடவை போவோம். நான் போய்ப் பையை எடுத்துட்டு வாரேன்"ன்னு எந்திரிச்சேன். வாசல்ல பேச்சித்தாய் அக்கா நின்னுட்டு இருந்தாங்க. "பையையா? ஏ பாண்டி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? நல்ல நேரம் பாத்து வெளிய போன பை, பயணம் போகாம வீட்டுக்குள்ள வரக் கூடாதுல்லா. நான் தர மாட்டேன்"ன்னாங்க.

உமா எந்திரிச்சா. அப்புறம் மூஞ்சியைத் துடச்சுக்கிட்டா. "அருவியில குளிக்க முடியாட்டி என்ன, ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போங்கன்னு நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். நமக்கு மட்டும் என்னவாம்? போவோம். பூட்டின கேட்டையாவது பாப்போம்"ன்னா.

போனோம். போடிக்கு மேல ஏறுத ரோட்டுல ஏலக்காய் வாசம் அடிச்சுச்சு, மூணாறு முழுக்கத் தேயிலையும் பனியும். அவ கண்ணாடியை இறக்கி வச்சுக்கிட்டுக் குளிர்ல நடுங்கிக்கிட்டே சிரிச்சா. போன் அடிக்கவே இல்ல. எனக்கு மனசு நெறஞ்சுட்டு.

மறுநாள் காலையில பூங்கா கேட்டுக்குப் போனா, எங்களை மாதிரியே விவரங்கெட்ட கார் ஏழெட்டு நிக்கி. காக்கிச் சட்டை போட்ட ஒரு பொம்பள வாட்சர், ஒத்த ஆளா நின்னு எல்லாத்துக்கும் பதில் சொல்லுதா. ஒருத்தர், "பெங்களூர்ல இருந்து வரோம்மா"ன்னு சத்தம் போட்டாரு. அந்தப் பொண்ணு அசரல. "ஆடு எங்கிட்ட கேட்டுட்டா சார் குட்டி போடுது?"ன்னா.

உமாவுக்கு வந்துச்சே ஒரு சிரிப்பு! காரை விட்டு இறங்கி நேரா அவகிட்ட போயிட்டா. நானும் பின்னால போனேன். அந்தப் பொண்ணு பேரு முத்துசெல்வி. எஸ்டேட்டுல பொறந்து வளந்தவ, பூர்வீகம் வாசுதேவநல்லூராம். சித்தி இன்னும் அங்கதான் இருக்காங்களாம்.

"நாங்க தென்காசிம்மா. குத்தாலம் வந்திருக்கியா?"ன்னு உமா கேட்டா.

"அதை ஏன்க்கா கேக்கீங்க. மூணு வருசத்துக்கு முந்தி ஆடி மாசம் பிள்ளையக் கூட்டிட்டு வந்தேன். மெயின் அருவியில தண்ணி ஆர்ச்சுக்கு மேல போகுதுன்னு சங்கிலியைப் போட்டுட்டா ஒரு போலீஸ்காரி. கெஞ்சிப் பாத்தேன், விசிலை ஊதியே விரட்டிட்டா. எம்புள்ள ராஜபாளையம் வரைக்கும் அழுதுட்டே வந்துச்சு."

நான் வானத்தைப் பாத்தேன். நிவேதா என் முதுகுக்குப் பின்னால போயிட்டா.

உமா எதையும் மறைக்கல. "அது நாந்தான் தாயி"ன்னா.

முத்துசெல்வி அவளை மேலயும் கீழயும் பாத்தா. பெறகு ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. "அடுத்த ஆடிக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வா, தண்ணி நல்லா விழுத அன்னைக்கு நானே போன் பண்ணுதேன்"ன்னு உமா நம்பர் கொடுத்தா. அவளும் கொடுத்தா. எந்தப் பாறையில எந்த ஆடு நேத்து குட்டி போட்டுதுன்னு இவ கேக்க, அவ கையைக் காட்டிச் சொல்ல, பேச்சு நீண்டுக்கிட்டே போச்சு.

அதுக்குள்ள பின்னால ஒரு பஸ் வந்து ஆரன் அடிச்சுச்சு. முத்துசெல்வி டக்குனு விசிலை எடுத்து ஊதினா. "அக்கா, போதும், நகருங்க, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க!"

உமா மறுபேச்சு பேசாம ஓரமா ஒதுங்கி, கார்ல வந்து ஏறிக் கதவைச் சாத்தினா. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம்.

"பாத்தீங்களாங்க"ன்னா, "என்னய விரட்டிட்டா!"