சபூராவுக்கு ஒரு கேழ்வரகு பிஸ்கட்

பேக்கரித் தொழில்ல ஒரு அநியாயம் உண்டுங்க. மைதாவையும் சர்க்கரையையும் டால்டாவையும் குழைச்சு வித்தா, "பாய் கைப்பக்குவமே தனி"ம்பாங்க, உடம்புக்கு நல்லதா ஒண்ணு செஞ்சு கண்ணாடி அலமாரியில வெச்சா, "பாய்க்கு என்ன ஆச்சு?"ன்னு விசாரிப்பாங்க. வீட்ல ஒரு சுகர் பேஷண்டை வெச்சுக்கிட்டு, சாப்பாட்டுத் தட்டோட மல்லுக்கட்டுற ஆளா நீங்க? அப்போ நாம ஒரே கட்சி. வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க.

பஸ்ல போட்ட கண்டிஷன்

துபாய்ல ஒரு பேக்கரியில பல வருஷம் மாவு பிசைஞ்சுட்டு வந்து, மரக்காணத்துல கடை போட்டவன் நான். கடையில நல்லா ஓடுற சரக்கு கிரீம் பன். அதுக்கு முதல் ரசிகை என் வீட்டுக்காரி சபூரா.

2004 ரம்ஜான்ல நோன்பு வெச்சிருந்தவ, சாயங்காலம் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துட்டா. பாண்டிச்சேரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். சுகரும் இருக்குது, பிரஷரும் இருக்குதுன்னாங்க டாக்டரம்மா. மைதா வேணாம், சர்க்கரை வேணாம், உப்பைப் பாதியாக் குறைக்கணும், மாத்திரையை விடக் கூடாது. எல்லாத்துக்கும் தலையாட்டினா. "மிச்ச நோன்பும் வேணாம்மா. ரெண்டும் கட்டுக்குள்ள வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு சொன்னதும் பொலபொலன்னு அழுதுட்டா. திரும்பி வரும்போது பஸ்ல முந்தானையால மூக்கைத் துடைச்சிக்கிட்டு எனக்கு ஒரு கண்டிஷன் போட்டா:

"எந்தக் கண்றாவியை வேணா செஞ்சு குடுங்க, திங்கிறேன். ஆனா நான் மறுபடி நோன்பு பிடிக்கணும், சொல்லிட்டேன்."

கரை கட்டுற பிரெட்

முழுக் கோதுமையை மில்லுல அரைச்சு, மைதாவே கலக்காம பிரெட் போட்டேன். மைதா பிரெட்டுக்கு விடற அளவுதான் தண்ணி விட்டேன், அதான் தப்பு. கோதுமையில தவிடு இருக்குது, அது குடிக்கிற தண்ணிக்குக் கணக்கே கிடையாது. மாவு உப்பவே இல்லை. ஓவன்லேர்ந்து எடுத்து மேஜையில வெச்சா 'டொக்'குங்குது.

உப்பளத்து மேஸ்திரி ஏழுமலை தினமும் காலையில நம்ம கடையிலதான் டீ குடிப்பாரு. அப்போ நல்ல மழை, அளத்துல பாத்திக் கரையெல்லாம் கரைஞ்சு கிடந்த நேரம். ஒரு பிரெட்டைக் கையில தூக்கிப் பார்த்தாரு, விரல் முட்டியால தட்டிப் பார்த்தாரு. முகத்துல ஒரு சிரிப்பு இல்லை.

"இதுல ஒரு நாலு குடுங்க பாய், பாத்திக்குக் கரை கட்டிக்கிறேன்."

நிவாரணமா, வியாபாரமா?

தண்ணி அளவைச் சரி பண்ணி, பிரெட் பிரெட்டா ஆகறதுக்குள்ள சுனாமி வந்துட்டுப் போயிடுச்சு. கொஞ்ச வாரம் கழிச்சு டிவிஎஸ்-50யில கூடை கட்டிக்கிட்டு, பக்கத்துல மீனவங்க இருக்கிற எக்கியார்குப்பம் போனேன். யாரும் கிட்ட வரலை. பாவம், கேம்ப்ல மூணு வேளையும் பிரெட்டும் பன்னுமா தின்னு வெறுத்துப்போன ஜனம். மீன் விக்கிற கன்னியம்மா மட்டும் வந்து கூடைக்குள்ள எட்டிப் பார்த்துச்சு. "இது நிவாரணமா பாய், வியாபாரமா?"ன்னு கேட்டுச்சு. வியாபாரம்தான்மா, ஆனா உனக்கு சும்மாவே தர்றேன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுடுச்சு.

"பிரெட்டைப் பார்த்தாலே கேம்ப் ஞாபகம் வருது பாய். கேழ்வரகுல வெங்காயம் மிளகா போட்டு அடை தட்டுற மாதிரி, காரமா எதையாவது பண்ணிக் கொண்டாங்க, ஓடியாறேன்."

தவக்காலத்து பிஸ்கட்

கன்னியம்மா சொன்னது மண்டையில ஏறிடுச்சு. கேழ்வரகு மாவு, கொஞ்சம் கோதுமை, வெங்காயம், பச்சமிளகா, முருங்கைக்கீரை, நல்லெண்ணெய். பிஸ்கட்டாத் தட்டி மொறுமொறுன்னு எடுத்தேன். வாசனை ரோடு வரைக்கும் போச்சு. ஆனா டாக்டரம்மா சொன்னபடி உப்பைப் பாதியாக் குறைச்சிருந்தேன் பாருங்க, வாயில போட்டா சப்புன்னு இருக்குது. சபூரா மாத்திரை முழுங்கற மாதிரி ஒண்ணை முழுங்குவா, மிச்சத்தைத் தள்ளி வெச்சுட்டு கிரீம் பன் அலமாரியை, பொறந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பா.

ஒரே ஒரு கஸ்டமர் மட்டும் அதை வாராவாரம் வாங்கினாங்க. அனுமந்தையிலேர்ந்து வர்ற ஆரோக்கியமேரி டீச்சர். எனக்குப் பெருமை தாங்கலை. உடம்புக்கு எப்படி டீச்சர் இருக்குதுன்னு வாயை விட்டுக் கேட்டுட்டேன்.

"உடம்புக்கு இல்ல பாய், இது தவக்காலம். நாக்கை அடக்கி ஒறுத்தல் பண்றதுக்கு இதைவிட நல்ல பண்டம் கிடைக்கலை. ஈஸ்டர் முடிஞ்சதும் கிரீம் பன்னுக்கு வந்துடறேன்."

ஸ்பூன்ல உப்பு

எங்க ஊர்ல உப்பை யாரும் அளக்கிறதில்லைங்க. அளத்துல வேலை செய்யறவங்க துணிப்பை நிறையக் கொண்டாந்து அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் குடுப்பாங்க, எல்லாரும் கை போற போக்குல போடுவாங்க. எங்க கடைக்கு ஏழுமலை குடுக்கிற உப்புதான். அன்னிக்கும் பையோட வந்தவரு, நான் ஸ்பூன்ல உப்பை எடுத்து, மேல விரலால வழிச்சு விடறதைப் பார்த்துட்டாரு. சுத்துமுத்தும் பார்த்துட்டு, ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாரு:

"மரக்காணத்துல உக்காந்துகிட்டு உப்பை ஸ்பூன்ல அளக்கறீங்களா பாய்? வெளிய தெரிஞ்சா உங்க புள்ளைக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

நோன்பு வாய்

2005 ரம்ஜான் வந்துச்சு. சுகர் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, பிரஷர் அசையலை. இந்த வருஷமும் வேணாம்னுட்டாங்க டாக்டரம்மா. விடியறதுக்கு முன்னால எனக்கு மட்டும் சஹர் சோறு ஆக்கிப் போட்டுட்டு, பகல்ல அவ ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நெஞ்சே ஆறலைங்க. யா அல்லாஹ், இவளுக்கு ஒரு வழி காட்டுன்னு வேண்டாத நேரமில்லை.

ஒரு நாள் அந்த நினைப்புலயே பிஸ்கட் மாவு பிசைஞ்சேன். மத்த நாளா இருந்தா மாவை நாக்குல வெச்சுப் பார்த்துடுவேன். நோன்பு வாய், வைக்க முடியாது. தட்டித் தட்டுல அடுக்கி ஓவன் கதவைத் திறக்கும்போது பார்க்கிறேன், உப்புக் கிண்ணம் வெச்ச இடத்துலயே உக்காந்து என்னைப் பார்க்குது! மாவுல ஒரு கல்லு உப்பு இல்லை. இனி எங்க பிசையறது? ஏழுமலை குடுத்த கல்லுப்பைப் பூரிக்கட்டையால நொறுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் துளித்துளி தூவி, விரலால அமுக்கி உள்ள தள்ளிட்டேன்.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது சபூராவும் பக்கத்துல உக்காந்து ஒண்ணை எடுத்துக் கடிச்சா. நிறுத்தி என்னைப் பார்த்தா. செத்தோம்டான்னு நினைச்சேன். முழுசாத் தின்னுட்டு இன்னொண்ணுக்குக் கையை நீட்டினா. எப்பவும் போடறதுல பாதி உப்புகூட இல்லைங்க, ஆனா மேல இருக்கிற கல்லு நேரா நாக்குலயே போய் நிக்குது.

"ஒரு வருஷமா இந்த உப்பை எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

முதல் நோன்பு

அதுக்கப்புறம் கிரீம் பன் அலமாரிப் பக்கம் அவ திரும்பலை. பிஸ்கட்டோட சூட்சுமம் தெரிஞ்சதும் குழம்புலயும் உப்பைக் குறைச்சுட்டா, சாயங்காலம் நடக்கவும் ஆரம்பிச்சா. மாத்திரையும் ஓடுச்சு. கன்னியம்மா சொன்னபடியே ஓடி வந்து வாங்கிச்சு, டீச்சர் தவக்காலம் இல்லாமலே வாங்கினாங்க.

2006 ரம்ஜானுக்கு முன்னால டாக்டரம்மா டெஸ்ட் எல்லாம் பார்த்து, மாத்திரை நேரத்தை மாத்திக் குடுத்தாங்க. "பிடிச்சுப் பாருங்க. படபடப்பு வந்தா உடனே திறந்துடணும், அடம் பிடிக்கக் கூடாது"ன்னாங்க. முதல் நோன்பு அன்னிக்கு நான் கடையில இருந்ததைவிட வீட்டுக்கும் கடைக்கும் நடந்ததுதான் அதிகம். தலை சுத்துதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். "நீங்க சுத்தறதைப் பார்த்தாத்தான் சுத்துது"ன்னு கடிச்சா.

சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்க. அவ பிஸ்மி சொல்லித் தண்ணியைக் குடிச்சு, பிஸ்கட்டைக் கடிச்சா. நொறுக்னு சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கண்ணு முட்டிக்கிட்டு வந்துடுச்சு, கையில பேரீச்சம்பழத்தை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

"அட, பாங்கு சொல்லி எவ்ளோ நேரமாச்சு! நான் ரெண்டாவது பிஸ்கட்டுக்குப் போயாச்சு, நீங்க இன்னும் நோன்பே திறக்கலை."

இத்தனை வருஷம் மாவு பிசைஞ்சு நான் கத்துக்கிட்டது இவ்வளவுதாங்க: உடம்புக்கு நல்லதைச் செய்யறது சுலபம், அதை "இன்னொண்ணு குடு"ன்னு கேக்க வைக்கிறதுக்குள்ள பேக்கரிக்காரனுக்குப் பிரஷர் வந்துடும்.