செனட்டர் ஏக்லிக்குக் கோப்பி கொண்டுபோனவள்

யூலியானா மன்னாரில் ஆங்கிலம் படிப்பித்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் கணவன் இராயப்புவோடு சுவிஸுக்கு வந்து அகதி மனுக் கொடுத்துவிட்டு, வில் என்ற நகரத்து விடுதியொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். உருளைக்கிழங்கு உரிப்பாள், கோப்பை கழுவுவாள். அவளுடைய ஆங்கிலம் மூன்று வருஷமாய் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

எண்பத்தேழு இலையுதிர் காலத்தில் அந்த விடுதியில் வெய்ன் ஏக்லி என்ற அமெரிக்கர் வந்து தங்கினார். அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டசபையின் செனட்டராம். அவருடைய பாட்டன் வில்லுக்குப் பக்கத்திலுள்ள மலைக் கிராமமொன்றிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர். வெளிநாட்டார் வேண்டாமென்று கூட்டம் போடுகிற உள்ளூர்க்காரர் சிலர் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். முதலாளியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. காலைச் சாப்பாட்டை யூலியானாவே கொண்டுபோகட்டும் என்றுவிட்டாள்.

இராயப்பு கொதித்தான். "எங்களைத் துரத்தச் சொல்லி வந்தவனுக்கு நீ கோப்பி ஊத்திறியோ?"

"ஓம், ஊத்திறன். அப்பிடிப்பட்ட ஆள் என்ன கதைக்குமெண்டு அறிய ஆசையாக் கிடக்கு."

செனட்டர் தாராளமாகக் கதைத்தார். உழவு இயந்திரம் விற்றவர். இரண்டு தேர்தலில் தோற்று, உள்ளூர் வானொலியில் நாளும் பேசிப்பேசி மூன்றாவதில் வென்றவர். பள்ளிக்கூடங்களில் செபம் திரும்ப வரவேண்டும், வாஷிங்டன் அரசாங்கம் தன் மாநிலத்தில் கைவைக்கக்கூடாது, வெளியிலிருந்து ஒருவரும் வரக்கூடாது. பாணில் ஜாம் பூசிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினார்.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபத்தில் கூட்டம். குடித்து வைத்த கிளாஸ்களை எடுக்கிற சாட்டில் யூலியானா கதவோரம் நின்றாள். மேடையில் ஏக்லி வேறு ஆளாய் நின்றார். வருகிறவர்கள் வெள்ளம் என்றார், நாட்டைத் தின்று முடிப்பார்கள் என்றார். ஒரு வாத்தியார் ஜெர்மனில் திருப்பிச் சொல்ல, சனம் கைதட்டியது. யூலியானா முடியும்வரை நின்று கேட்டாள்.

அடுத்த நாள் கோப்பியை வைத்துவிட்டு, "நேற்று நீங்கள் சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தி" என்றாள்.

அவர் முகம் சிவந்தது. "உன்னைச் சொல்லவில்லை. நீ வேலை செய்கிறாய்."

"உங்கள் தொகுதிக்கு வந்தவர்கள் வேலை செய்வதில்லையோ?"

"எங்கள் தொகுதிக்கு அப்படி யாரும் வந்ததில்லை. அங்கே வெறும் சோளக்காடு."

"பிறகு ஏன் பயம்?"

"வந்துவிடுவார்களே."

மழுப்புவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த மனிசனின் பயம் நிசமாகவே இருந்தது.

"உன்னை இங்கே இருக்க விடுவார்களா?" என்று கேட்டார்.

"தெரியாது. தலைநகர் பேர்னிலிருந்து முடிவு வரவில்லை."

அவர் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த தேர்தலிலும் ஏக்லி வென்றாராம். அவருடைய மலைக்கிராமத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார். யூலியானாவின் மனுவை முதலில் தள்ளினார்கள். மேன்முறையீடு இழுபட்டு, எண்பத்தொன்பதில்தான் தங்க அனுமதி கிடைத்தது. அதற்குள் முதலாளியம்மா அவளிடம் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தாள். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்தார்கள்.

"அந்த ஆளிட்ட என்னத்தைக் கண்டனி?" என்று இராயப்பு ஒருநாள் கேட்டான்.

"காணாத ஆக்களுக்கு ஒரு மனிசன் எப்பிடி அவ்வளவு பயப்பிடலாம்? எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

"பயப்பிடவேண்டியது நாங்களல்லோ" என்றான் இராயப்பு.

"ஓம்" என்றாள் அவள். "ஆனாலும் அந்தாள் இன்னும் ரெண்டு நாள் நிண்டிருந்தால் கேட்டுப் பாத்திருப்பன்."