கனகவல்லி ராசாவின் சுருதி

கண்ணோட்டம் என்று நம் முன்னோர் ஓர் அறத்துக்குப் பெயர் வைத்தனர். உரிமை தன் பக்கமே இருக்க, எதிரில் நிற்பவரின் முகவாட்டம் பொறாது அதைத் தளர்த்திக்கொள்ளும் நெஞ்சின் ஈரம் அது. அந்த ஈரம் உடையவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வாழும் கனகவல்லி அம்மையார். மேடையில் அவர் அரசர்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த தொடக்க ஆண்டுகளில், இங்கு இசைநாடகம் ஆட ஆண்கள் கிடைத்திலர். சனிக்கிழமை மாலைகளில் அவர்கள் அனைவரும் உணவகச் சமையலறைகளில் நின்றனர். அம்மையாரின் கணவர் மகேந்திரராஜாவும் அவ்வாறே. ஆகவே பெண்கள் மீசை ஒட்டினர். மற்றவர்கள் வேடம் கலைத்து விலகிய பின்னும் கனகவல்லி மணிமுடியை இறக்கவில்லை. பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. வேலைக்குப் போகும் ரயிலில் உதட்டசைவில் விருத்தம். வாளின் பிடியில் கையூன்றி அவர் மேடையில் நுழைகையில் தாடை சற்றே உயரும். குரலோ, இரண்டரைக் கட்டை என்னும் தாழ்ந்த சுருதியில் வெண்கலம்போல் கனத்து ஒலிக்கும். அக்குரலுக்காகவே பிராங்பேர்ட்டிலிருந்தும் ஆட்கள் வருவர்.

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்மோனியம் ராசாவின் சுருதிக்கே வாசிக்கப்படும். ராணி அதற்கு இறங்கிப் பாட வேண்டும். நெடுங்காலம் ராணியாக நின்ற றோசம்மா அவ்வாறே பாடினார். சென்ற ஆண்டு அவருக்கு முழங்காலில் அறுவை நடந்தது. அவ்விடத்துக்கு வந்தவள் கனகவல்லியின் மருமகள் சிவப்பிரியா. மாமி கணவனாகவும் மருமகள் மனைவியாகவும் நிற்கப்போவதை எண்ணி வீடே சிரித்தது. இனித் தன் மனைவியோடு பேசுவதற்கும் மருத்துவரிடம் நேரம் கேட்பதுபோல் அம்மாவிடம் Termin எடுக்க வேண்டும் போலும் என்றான் மகன் நிலக்சன்.

ஒத்திகையில் அச்சிரிப்பு அடங்கியது. இங்கே பிறந்து, பள்ளிப் பாடகர் குழுவில் உயர்ந்த குரலில் பாடிப் பழகியவள் அவள். காடேகும் அரசனுக்கு ராணி விடைகொடுக்கும் பாட்டில், கீழே இறங்க இறங்க அவள் குரல் வெறுங்காற்றாயிற்று. ஒருநாள் பாட்டைப் பாதியில் நிறுத்தி, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

“எனக்கு ஏலாது மாமி. உங்கட பேரையும் கெடுத்துப்போடுவன்.”

கனகவல்லி அவள் முகத்தைப் பார்த்தார். பின் ஆர்மோனியம் வாசிக்கும் பரராசசிங்கத்திடம் திரும்பி, சுருதியை நாலரைக்கு ஏற்றச் சொன்னார். அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ராணிக்காக ராசா ஏறுறதோ, தங்கச்சி? சபைக்குப் பொம்பிளைக் குரல் கேட்டிடும். மீசை பொய்யாப் போயிடும்.”

“மீசை எண்டைக்கு அண்ணை மெய்யா இருந்தது? ஏத்துங்கோ.”

சொல்லிவிட்டாரேயன்றி, வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஐயம் எழுந்தது. கனத்த குரலே தம்மை அரசராக்கியது என்று அவரும் நம்பியிருந்தார். அது போனால் மேடையில் எஞ்சுவது யார்?

நாடக நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. விடைபெறும் பாட்டை அரசர் ஏறிய சுருதியில் மெல்லிய குரலில் எடுத்ததும் முணுமுணுப்பு எழுந்தது. ராசாவுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது போல என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தனர். கனகவல்லியின் செவியில் அது விழுந்தது. தாடை தாழவில்லை. அம்மெல்லிய குரலிலேயே தம் அடியைப் பாடி முடித்து, ராணியையே நோக்கி நின்றார். சிவப்பிரியாவின் குரல் தடையின்றி எழுந்தது. அவள் பாடப் பாட அரசரின் தோள்கள் தளர்ந்தன. வாளைப் பற்றிய கை நழுவியது. பிரிய மனமில்லாத ஒரு கணவன் அங்கே நின்றான். பின்வரிசையில் எவரும் இருமவும் இல்லை.

திரை விழுந்ததும், கைத்தடியூன்றி றோசம்மா ஒப்பனை அறைக்கு வந்தார். சிவப்பிரியாவை உச்சிமோந்தார். பிறகு அரசரிடம் திரும்பினார்.

“இத்தினை வருசம் உம்மோட குடும்பம் நடத்தினனான். எனக்காக அரைக் கட்டை ஏறினீரோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். கனகவல்லி சிரிக்கவில்லை.

“உமக்கும் கஷ்டமா இருந்ததோ?”

“தொண்டை நோகும்தான். ராசாவிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

கனகவல்லி தோழியின் கையைப் பற்றித் தம் அருகே இருத்தினார். முழங்கால் ஆறியதும் வரவேண்டும், இனி அவருடைய சுருதியிலேயே பாடலாம் என்று சொல்லுமுன் கண்கள் நிறைந்துவிட்டன.

“அழாதையும் ராசா,” என்றார் றோசம்மா. “மீசை கழருது.”

அம்பலத்தில் ஆடும் பெருமான் அவ்வில்லத்தைக் காக்க. அங்கே மகேந்திரராஜாவின் ஓய்வு இனிதாகுக; நிலக்சனும் சிவப்பிரியாவும் மக்கட்பேறு பெற்று மகிழ்க; மாமியும் மருமகளும் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து நெடிது வாழ்க.