பாட வந்தவருக்குப் பொன்னாடை

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய கலைவிழாவை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. கொம்யூனில், அதாவது நகரசபையில், அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த மண்டபத்தை எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிந்தினால் யார் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் தெரியும். நான் சொல்வதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு சீனப் பெண்மணி இருக்கிறார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். இங்கே பலருக்கு அவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த கிழவி. எனக்கும் வெகுகாலம் அப்படித்தான். பிறகுதான் தெரிந்தது, அவர் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து, பொழுதுபோக்குப் பூங்கா மேடைகளில் பாடி, பதினேழு வயதில் ஹொங்கொங் ஸ்டூடியோ ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் போனவர். முதலில் கதாநாயகியின் தங்கை, பிறகு கதாநாயகி. பாடத் தெரியாத நடிகைகள் வாயசைக்க, திரைக்குப் பின்னால் பாடியதும் இவர்தான். சொந்தப் பெயரில் இசைத்தட்டுகளும் வந்தன. பிறகு சண்டைப் படங்களின் காலம். பாடுகிற பெண்கள் தேவைப்படவில்லை. டேனிஷ் கப்பல் பொறியாளர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தார். வந்த நாள் முதல் எந்த மேடையிலும் ஏறவில்லை. யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். எங்கள் விழாவில் ஒரே ஒரு பாட்டு. அவர் குளிர்காலம் முழுவதும் பயிற்சி செய்தார். மேலேயிருந்து குரல் வரும்போது என் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிடுவாள்.

விழாவன்று அவரை மேடையில் நாற்காலியில் இருத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு பேச்சு. தலைவர் பேசினார். முன்னாள் தலைவர் பேசினார். விபோர்க் நகரிலிருந்து வந்த பிரதம விருந்தினர் "உலகப் புகழ்பெற்ற ஜப்பானியக் கலைஞர்" என்று தொடங்கி, எண்பதுகளில் தான் பனியில் சைக்கிள் ஓடி வேலைக்குப் போன கதைக்குத் தாவினார். பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள். ஒன்பதரை தாண்டிவிட்டது. பொறுக்க முடியாமல் மேடையோரம் போய்த் தலைவரைப் பிடித்தேன்.

"தம்பி, அவ பாட வந்தவ. பேச்சை நிப்பாட்டுங்கோ."

"அண்ணை, மரியாதை எல்லோ செய்யிறம்?"

"மரியாதையோ? மனிசியைக் கதிரையில கட்டிப்போட்டெல்லோ வைச்சிருக்கிறியள்!"

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சட்டம். இன்னும் ரெண்டு பேர்தான், பிறகு நன்றியுரை. நேரமிருந்தால் பாடட்டும்."

நேரமிருந்தால்! நன்றியுரைக்கு நேரம் இருக்கும், எதற்கு நன்றி என்பதற்கு மட்டும் இருக்காது.

மேடையில் இருந்தபடியே அந்தப் பெண்மணி என் பக்கம் குனிந்தார்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று டேனிஷில் கேட்டார்.

"உங்களைப் புகழ்கிறார்கள். மண்டபம் பூட்டும்வரை புகழ்வார்கள்."

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டூடியோவில் என் வேடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்த அன்றுதான் எனக்குப் பெரிய பூச்செண்டு தந்தார்கள்" என்றார்.

எழுந்தார். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தார். இன்னும் பேசிக்கொண்டிருந்த விருந்தினரிடம் நேரே போனார். கைகுலுக்க வருகிறார் என்று நினைத்து அந்த மனிதர் வலக்கையை நீட்டினார். அதை ஒரு கையால் குலுக்கி, மறுகையால் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

பக்கவாத்தியம் இல்லை. காண்டனீஸில் ஒரு காதல் பாட்டு. மேல்சுரத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி அதே இடத்துக்குப் போனார், இந்தமுறை பிடித்தார். கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் கோப்பையோடு உள்ளே வந்தார்கள். மண்டபம் பூட்ட வந்தவரும் பாட்டு முடியும்வரை கதவடியிலேயே நின்றார். நன்றியுரை நடக்கவில்லை.

அதற்காகவே அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் என்மேல் பாய்ந்தார்கள். அந்தப் பெண்மணி பிரதம விருந்தினரை அவமதித்தாராம். நான் அவரை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டுமாம். கையுயர்த்தி வாக்கெடுக்கப் போனார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயத்துக்கு வாக்கெடுக்க முடியாது, சங்க விதியைப் படியுங்கள் என்றேன்.

"அப்ப அடுத்த கூட்டத்துக்குப் போடுறம்" என்றார் தலைவர்.

"போடுங்கோ. அவவையும் கூட்டிக்கொண்டு வாறன். மன்னிப்புக் கேக்கமாட்டா. பாடுவா."