தண்ணீர் விட்ட வயல்

அண்ணி விதித்த நிபந்தனை ஒன்றுதான். "ஒரு போகம் நெல்லு ஒழுங்கா வீடு வந்து சேரட்டும். அப்புறம் வேலைய விட்டுட்டு வயலக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." டெல்லி துவாரகாவில் அவர்கள் புதிதாகக் குடிபோயிருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டில், சாப்பாட்டு மேஜையில், என் எதிரில்தான் இதைச் சொன்னார். அண்ணன் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, சரி என்றார்.

அண்ணன் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அறுவடை இயந்திரங்கள், டிராக்டர்கள் பற்றிய கோப்புகளில் பத்தொன்பது வருடம் குறிப்பு எழுதியவர். அவற்றில் ஒன்றின்மீதும் ஏறி உட்கார்ந்ததில்லை. வேலையை விட்டுவிட்டுக் குத்தகை விவசாயம் செய்ய வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. தொண்ணூறுகளின் கடைசியில் அதைச் சோதித்துப் பார்க்க நஜஃப்கட் தாண்டி மூன்று ஏக்கர் எடுத்தார். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் முப்பத்தைந்து நிமிடம். நிலத்துக்காரரை ஊரே சௌத்ரி என்று அழைத்தது. நாங்களும் அப்படியே அழைத்தோம்.

சுற்றிலும் பாசுமதி. அண்ணன் மட்டும் பொன்னி போட்டார். விதைநெல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தெற்கத்தி அரிசிக்கு அலையும் தமிழ்க் குடும்பங்கள் இனி தன்னிடம் வரும் என்று நம்பினார். நெல் நன்றாகவே வளர்ந்தது. செப்டம்பரில் இடுப்புக்கு மேல் நின்றது. சௌத்ரி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "பாபுஜி, இது நெல்லா, கரும்பா?" என்றார். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உயரமான பயிர் ஈர மண்ணில் சாயும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது பிறகு புரிந்தது.

நான் அப்போது கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்துகொண்டு, தமிழ் நாளிதழ் ஒன்றின் டெல்லி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இந்திச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலையில் பாதி. அண்ணனின் இந்தி காய்கறிக்காரரோடும் ஆட்டோக்காரரோடும் நின்றுவிட்டிருந்தது. எனவே சௌத்ரியிடம் சொல்ல வேண்டியதெல்லாம் என் வாய் வழியாகப் போயிற்று.

அக்டோபரில் பயிற்சி வகுப்பு என்று அண்ணனைப் பத்து நாள் போபாலுக்கு அனுப்பினார்கள். போன மறுநாளே அங்கிருந்து என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "டேய், நான் வந்ததும் அறுப்பு. தண்ணிய விட்டுடச் சொல்லு சௌத்ரிகிட்ட. மறந்துடாத." வயலில் நிற்கும் தண்ணீரை மடை திறந்து வெளியே விடுவதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். நான் மறக்கவில்லை. உடனே சௌத்ரி வீட்டுக்குப் போன் செய்து, "பானி சோட் தீஜியே" என்றேன். சொல்லுக்குச் சொல் சரி: தண்ணீரை விட்டுவிடுங்கள். ஆனால் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தியில் அப்படிச் சொன்னால், மோட்டாரைப் போட்டு வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று பொருள்.

மறுமுனையில் சௌத்ரி, நிச்சயம்தானா என்பதுபோல, "பக்கா?" என்றார்.

"பக்கா, சௌத்ரி சாப். ஜல்தி."

அண்ணன் சனிக்கிழமை காலை ரயிலிலிருந்து இறங்கி, வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேராக வயலுக்கு வந்தார். நான் முன்பே போயிருந்தேன். பஞ்சாபிலிருந்து வந்த அறுவடை இயந்திரம் ஒன்று அந்த வாரம் அந்த ஊரில் முறை வைத்து அறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் முறை அன்று. வயலில் குதிகால் பதிந்த குழிகளிலெல்லாம் தண்ணீர் நின்றது. நெல் பாதிக்கு மேல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

"சொன்னியாடா?"

"அன்னைக்கே சொன்னேன்."

சௌத்ரி என்னிடம் வந்தார். குரலில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. "நீங்க சொன்னபடி கரண்ட் வந்தப்பல்லாம் மோட்டார் ஓட்டினேன், தம்பி. உங்க ஊர்ல தண்ணிக்குள்ள நின்னுதான் அறுப்பாங்க போலிருக்குன்னு நெனச்சேன். பக்காவான்னு கேட்டேனே" என்றார் இந்தியில்.

"என்னடா சொல்றாரு?" என்று கேட்டார் அண்ணன்.

"மழை பெஞ்சிருக்காம்" என்றேன்.

என் தொழிலில் நான் தெரிந்தே செய்த தவறான மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். அண்ணன் பக்கத்து வயலைப் பார்த்தார். அங்கே அறுத்த தாள் வெளுத்து நின்றது. ஒரு நாய் ஓடியபோது புழுதி கிளம்பியது. பிறகு கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டார்.

இயந்திரம் ஓட்டிய சர்தார்ஜி பனி காய்வதற்காகப் பதினோரு மணி வரை காத்திருந்தார். இறங்கி வந்து மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். "பாபுஜி, நெல்லு அறுக்கணுமா, மீன் பிடிக்கணுமா? மீன்னா நான் வலை எடுத்துட்டு வரேன்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

சர்தார்ஜி மேட்டு ஓரத்திலிருந்து இயந்திரத்தை இறக்கினார். நாற்பது அடி போயிருக்கும். முன் சக்கரங்கள் சத்தமில்லாமல் அச்சு வரை இறங்கின. அவர் விசையை அழுத்த அழுத்த, சேறு பின்னால் சீறி அடித்ததே தவிர வண்டி அசையவில்லை. டிராக்டர் வந்தது. சங்கிலி கட்டி இழுத்தார்கள். கொக்கி நிமிர்ந்து தெறித்தது. செங்கல் போட்டார்கள், வைக்கோல் போட்டார்கள், சௌத்ரியின் மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். கதவு உடைந்தது. இரண்டாவது டிராக்டர் வந்த பிறகு, மூன்றரை மணிக்கு வெளியே வந்தது. அதற்குள் வெட்டும் கத்தி வரிசை முழுக்கக் களிமண் அப்பி இறுகியிருந்தது. மூன்று பற்கள் வளைந்துவிட்டன. பெரிய பெல்ட் அறுந்து, ஈரக் கயிறு மாதிரி தொங்கியது.

அந்த பெல்ட் காஷ்மீரி கேட்டில்தான் கிடைக்கும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கடை அடைத்துவிட்டார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை திறக்கும்போதே வாங்கிக்கொண்டு, பன்னிரண்டுக்கு வயலில் இருந்தேன். சர்தார்ஜி மாட்டினார். ஓரமாக ஒரு பட்டை அறுத்தார்; அது மட்டும் அரை ஏக்கருக்கும் குறைவு. சாய்ந்த நெல்லைப் பிடிக்கக் கத்தியைத் தாழ்த்தியபோது நெல்லோடு சேறும் உள்ளே போனது. ஒரு பேரிங் அலறியது, புகை வந்தது, நின்றது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அண்ணனின் தோளில் கை வைத்தார். அடுத்த ஊரில் பதினோரு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கையால் அறுக்க ஆள் இல்லை. அறுப்புக்கு வழக்கமாக இருக்கும் பீகார்க்காரர்கள் தங்கள் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அண்ணன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அரிவாளோடு இறங்கினார். நானும் இறங்கினேன். சௌத்ரி வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரு காலைப் பிடுங்கி அடுத்த அடி வைப்பதற்குள் ஒரு கொத்து அறுத்துவிடலாம். அந்த அளவுக்கு மண் விடவில்லை. செவ்வாய்க்கிழமை படுத்துக் கிடந்த ஒரு கதிரைத் தூக்கினேன். அடிப்பக்கத்து மணிகளில் வெள்ளையாக முளை வந்திருந்தது. அண்ணனிடம் காட்டினேன். "தெரியும். நேத்தே பாத்தேன்" என்றார்.

புதன் மதியம் அண்ணி ஆட்டோவில் புளியோதரை எடுத்துக்கொண்டு வந்தார். வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்று பார்த்தார். எங்களை, படுத்த நெல்லை, அடுத்தடுத்த வயல்களை. அவர் விவசாயக் குடும்பம் இல்லை. ஆனால் கண் இருந்தது.

"மழைன்னு சொன்னீங்க. சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்கு. நம்ம மூணு ஏக்கருக்கு மட்டுமா வந்து பெஞ்சுது?"

நான் அண்ணனிடமிருந்து ஐந்தடி தள்ளி நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அண்ணன் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"மழையில்ல. நான்தான் போபால்லேருந்து தண்ணி பாய்ச்சச் சொன்னேன். மணி முத்தலைன்னு நெனச்சுட்டேன்."

"அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியா?"

"ஆமா. தெரியல."

"தெரியல" என்று அண்ணி திருப்பிச் சொன்னார். திட்டவில்லை. டப்பாவைத் திறந்து மூடியில் மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். "தெரியலைன்னா சரி. நாளைக்கு ஆபீஸ் போங்க. இனிமே இந்தப் பேச்சு வேணாம். அன்னைக்கு நான் சொன்னது நீங்க ஒத்துக்கிட்டதுதான்."

அண்ணன் தலையசைத்தார். நான் கையில் சேறோடு புளியோதரையைச் சாப்பிட்டேன். பசித்தது.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று சில வருடம் நினைத்து, அதில் ஒரு சௌகரியம் கண்டேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தன் வயலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தம்பியை நம்பியிருந்தவர் என்று அண்ணியின் முன்னால் ஆவதைவிட, தப்பாகக் கணித்தவர் என்று ஆவது அவருக்கு மேலாகப் பட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெறும் வரை அதே பிரிவில் இருந்தார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் சௌத்ரி வரப்போரமாக வந்தார். அண்ணன் அரிவாளைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "அடுத்த வருஷம் நெலம் வேணாம்னு அவர்கிட்ட சொல்லிடு. தெளிவா சொல்லு." நான் சொன்னேன். இந்த முறை தேவைக்கு அதிகமான வார்த்தைகளில் சொன்னேன்.

சௌத்ரி கேட்டுக்கொண்டார். மீதி நெல்லைக் காட்டி, மாடுகளை மேய விடலாமா என்று என்னிடம் கேட்டார். நான் தமிழில் வாயெடுப்பதற்குள் அண்ணன், "ஹாங் ஜி" என்றார். அரை மணியில் ஏழு எருமைகள் இறங்கின. ஒன்றுகூடச் சிக்கிக்கொள்ளவில்லை.