மீன் வண்டிக்காரர் கழற்றிக் கொடுத்தது

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் அப்போது செவ்வாப்பேட்டையில் இருந்தோம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள் என்று, ஒரு சித்திரை மாதக் காலையில் அந்த ஊர்க்காரர் ஒருவர் ரயிலேறி வந்து சொன்னார். அக்காவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே, "எங்க ஊர்லயே உனுக்கு ஒரு மாப்ள பாத்து வெச்சிகிறேன். தெனம் சண்ட போட்டுக்கினு இருக்கலாம்" என்று சிரித்தவள்.

கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா வீட்டார் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். வராவிட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது போர்த்திவிடுவார்கள்தான். ஆனால் 'நாதியத்தவளாப் போனா' என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும்.

"வெயில் காலம், தாங்காது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவாங்க, வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ரயிலுக்கே திரும்பிவிட்டார்.

அண்ணன் திருவள்ளூருக்கு ஓடிப்போய்ச் சேலையும் மாலையும் வாங்கி வருவதற்குள் மதியமாகிவிட்டது. இனி ரயிலில் பட்டணம் போய், மாறிப் போனால் நேரத்துக்கு ஆகாது. அண்ணன் வேலை பார்த்த விறகுத் தொட்டியில் விறகு ஏற்றிப் போக ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. முதலாளியைக் கேட்டு அதில் கிளம்பினோம். முன்னால் டிரைவரோடு அம்மா, மடியில் சேலையும் மாலையும். பின்னால் மரத்தூளுக்கு நடுவே அண்ணனும் நானும்.

காரனோடைப் பாலம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டிரைவர் பானெட்டைத் திறந்து எதையோ கழற்றினார், தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்தார், மாட்டினார். அண்ணன் ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கை சிவந்துபோனான். வண்டி எடுக்கவேயில்லை.

எனக்கு எப்போதும் வாய் நீளம். "இந்தக் கட்டையில போற வண்டிதான் கெடச்சுதா உங்களுக்கு!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன வார்த்தை சொன்னேன் என்று உறைத்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாரிகள் நிற்காமல் போயின. கடைசியில் எதிரே வந்த ஒரு வண்டி நின்றது. பழவேற்காட்டிலிருந்து பட்டணத்துக்கு மீன் ஏற்றிப் போகும் வண்டி, எங்களுடையதைப் போலவே பழைய பிக்கப். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர் பிளக் ஒயரை உருவி, இஞ்சின்மேல் காட்டிக்கொண்டு சுற்றச் சொன்னார். பொறி மங்கலாக வந்து செத்தது.

"கண்டன்சர் பூட்ச்சுபா. வேற போட்டாத்தான் வண்டி எடுக்கும்" என்றார். விரல் அளவு டப்பிதான். அது போனால் பொறி இல்லை, பொறி இல்லாவிட்டால் வண்டி இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் கண்ணில் அம்மாவின் மடி பட்டது. மஞ்சள் தடவிய புதுச்சேலை, மாலை. "இன்னாம்மா, கல்யாணத்துக்கா? கவலப்படாத, தாலி கட்றதுக்குள்ள போயிடலாம்" என்று சிரித்தார்.

"கல்யாணம் இல்ல நைனா. எம் பொண்ணுக்குக் கோடி. பொழுது எறங்குனா எடுத்துடுவாங்க" என்றாள் அம்மா.

மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. சூரியனை ஒரு தரம் பார்த்தார். பிறகு போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தார். அவர் என்ன செய்கிறார் என்று புரிந்ததும் எங்கள் டிரைவர் பதறி, "யோவ், உன் வண்டி நின்னுடுமேய்யா!" என்றார். அதற்குள் மீன் வண்டிக்காரர் அந்த டப்பியைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வண்டியில் முடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் வண்டிப் பலகை இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "மீன் கெட்டுடுமே அண்ணா" என்றேன்.

"அது செத்த மீனுதானேமா, அதுக்கு எவனும் கோடி எத்தினு வரப்போறதில்ல. நீங்க கெளம்புங்க" என்றார். வண்டி ஒரே சுற்றில் எடுத்தது. கும்பிட்டோமா, நன்றி சொன்னோமா, ஒன்றும் நினைவில்லை.

நாங்கள் போய் இறங்கும்போது பாடை கட்டி முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டம்மாள் தன் பெட்டியிலிருந்த சேலையை எடுத்துவந்து மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "விடும்மா, நாங்க வந்துட்டோம்" என்று அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "பொறந்த ஊட்ல இருந்து வந்துட்டண்டி, கண்ணத் தொறடி" என்று அக்காவின் மேல் விழுந்து கதறினாள். அண்ணன் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்துப் போர்த்தினோம். அக்காவின் முகத்தில் இருந்தது பூசிய மஞ்சளா, அவளைக் கொன்ற மஞ்சளா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயோ, அந்த முகம்!

மறுநாள் காலை டிரைவர் கும்மிடிப்பூண்டி பட்டறையில் புதுக் கண்டன்சர் வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனார். வண்டி இல்லை. சாலையோரம் மீனும் எறாலும் குவிந்து கிடக்க, காக்கைகள் அடித்துக்கொண்டிருந்தனவாம். "ராவெல்லாம் இங்கதான் குந்திக்கினு இருந்தான். நாத்தம் தாங்காம எல்லாத்தையும் கொட்டிட்டு, விடியகாலைல ஒரு லாரிக்காரன் கயிறு கட்டி இஸ்துக்கினு போனான்" என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

பழவேற்காட்டுப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லிவிட்டுப் பார்த்தான். பேர் தெரியாத ஆளை எங்கே என்று தேடுவது? என் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காத அந்த மனிதர்தான் அன்றைக்கு அவளைப் பிறந்த வீடு உள்ளவளாக அனுப்பிவைத்தார். இன்றும் எந்தச் சாவு வீட்டில் கோடி போர்த்தினாலும், அம்மா வீட்டு ஆட்களோடு அவரும் ஒருவராக நிற்பது போலவே எனக்குத் தோன்றும்.